"சைட்டு போயிருச்சு": டொமைன் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

குமுளிச் சோதனைச்சாவடியின் இரு பக்கமும் இருக்கிற ஏலக்காய் வியாபாரிகள், வீட்டையே விடுதியாக்கி நடத்துகிறவர்கள், ஜீப் சவாரிக்கு முன்பதிவு எடுக்கிறவர்கள் ஆகியோரின் இணையதளங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். அவர்களிடமிருந்து அவசரமாக வரும் அழைப்பு பெரும்பாலும் "தம்பி, சைட்டு போயிருச்சு" என்ற ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும். அந்தப் "போயிருச்சு" என்ற சொல்லுக்குள் ஏழெட்டு வெவ்வேறு பிழைகள் அடங்கியிருக்கும். ஒன்றுக்குரிய தீர்வை மற்றொன்றில் முயன்றால் பணமும் நாளும் சேர்ந்தே வீணாகும் என்பதால், திரையில் கண்ணுக்குத் தெரிவது என்ன என்பதிலிருந்து தொடங்கி, அதற்குக் காரணமான பிழையைக் கண்டறிந்து நீக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

ஓர் இணையதளம் இயங்குவதற்கு டொமைன் என்னும் பெயர், ஹோஸ்டிங் என்னும் இடம், எஸ்எஸ்எல் என்னும் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிய மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி முடிவுத் தேதி உண்டு; பல வேளைகளில் மூன்றும் மூன்று நிறுவனங்களிடம் இருக்கும். "போன மாதம்தானே பணம் கட்டினேன்" என்று உரிமையாளர் சொல்லும்போது, அவர் கட்டியது இவற்றில் எதற்கு என்று ரசீதைப் பார்த்து உறுதி செய்யாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

அடுத்ததாக, டொமைனின் பதிவு விவரத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். டாட் காம், டாட் நெட் போன்ற பெயர்களுக்கு, டொமைன் விதிகளை உலக அளவில் வகுக்கும் ஐகேன் அமைப்பின் லுக்கப் பக்கம் போதும். பதிவு விவரம் தேட நெடுநாள் புழக்கத்தில் இருந்த ஹூஇஸ் முறையைப் பதிவாளர்கள் (டொமைன் பெயர்களைப் பதிவு செய்து கொடுக்கும் நிறுவனங்கள்) கட்டாயமாக வழங்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 28 அன்று முடிவுக்கு வந்து, அதன் இடத்தில் ஆர்டேப் என்ற புதிய முறை வந்துவிட்டது. எனவே பழைய ஹூஇஸ் தளம் ஏதாவது வெறும் பக்கத்தைக் காட்டினால் பதற வேண்டியதில்லை. டாட் இன் பெயர்களை நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் நிர்வகிப்பதால், அவற்றை அதன் பதிவகத்தின் (ஒரே முடிவு கொண்ட எல்லாப் பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் இடம்) பக்கத்தில் தேட வேண்டும். தேடியதும் பதிவாளர் நிறுவனத்தின் பெயர், முடிவுத் தேதி, நிலை, நேம்சர்வர் (பெயரைத் தேடுவோருக்குத் தளம் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் கணினி) ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தெரியும் பதிவாளர் நிறுவனமும், நீங்கள் பணம் கட்டும் கடையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் கட்டுவது மறுவிற்பனையாளராக இருக்கலாம்.

அறிகுறி: தளத்தின் இடத்தில் விளம்பரப் பக்கமோ "இந்த டொமைன் காலாவதியானது" என்ற அறிவிப்போ தெரிகிறது

இது டொமைன் காலம் முடிந்துபோனதன் அடையாளம். முடிந்த அன்றே பெயர் கைவிட்டுப் போய்விடுவதில்லை. ஆனால் எத்தனையாவது நாளில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துச் செலவும் வழியும் மாறும். டாட் காம் பெயர்களில் முடிவுத் தேதிக்குப் பிறகு 45 நாள் வரையிலும் பதிவாளர் நிறுவனம் சலுகைக் காலம் கொடுக்க முடியும். முழு 45 நாளும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை என்பதால், உங்கள் நிறுவனத்தின் விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்தில் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்துவிடலாம். அது கடந்து பெயர் நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். அப்போதும் பெயரைத் திரும்பப் பெற உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு, ஆனால் கட்டணம் பல மடங்காகும். அதற்கும் பிறகு வரும் 5 நாள் "பெண்டிங் டெலீட்" என்ற நிலையில் யார் தலைகீழாக நின்றாலும் எதுவும் செய்ய முடியாது. ஐந்தாம் நாள் கழிந்ததும் பெயர் பொதுச் சந்தைக்கு வரும், முந்துகிறவர் எடுத்துக்கொள்வார். டாட் இன் பெயர்களுக்கு ஐகேன் விதிகள் பொருந்தாது என்பதால், இந்த நாள் கணக்கை அவற்றின்மேல் ஏற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் பலரை ஏமாற்றும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒருவர் கைப்பேசியோடு கடைக்கு வந்து, "இங்க பாரு தம்பி, அடுத்த வருசம் வரைக்கும் தேதி இருக்கு, நீ என்னடான்னா முடிஞ்சு போச்சுங்கிற" என்று வாதாடினார். அவர் காட்டிய திரையில் அடுத்த ஆண்டின் தேதி இருந்தது உண்மைதான். டாட் காம் பதிவகத்தை நடத்தும் வெரிசைன் நிறுவனத்தின் கணினி, முடிவுத் தேதி வந்தவுடன் பெயரைத் தானாகவே ஓராண்டு நீட்டி எழுதிக்கொள்ளும். வாடிக்கையாளர் பணம் கட்டாவிட்டால் பதிவாளர் நிறுவனம் 45 நாளுக்குள் அதை நீக்கித் தன் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். அதனால் பதிவகத்தின் பக்கம் அடுத்த ஆண்டைக் காட்டும். பதிவாளரின் கணக்குப் பக்கமோ கடந்துபோன தேதியைக் காட்டும். இரண்டும் முரண்பட்டால் பதிவாளரின் தேதியை மட்டுமே நம்ப வேண்டும். நிலை என்ற வரியில் "ஆட்டோ ரினியூ பீரியட்" என்று இருந்தால் தேதியைப் பதிவகம் தானாக நீட்டியிருக்கிறது என்று பொருள்; நீங்கள் பணம் கட்டியதற்கு அது சான்றல்ல. அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார். நாள் எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்றாவது நாள். அன்றே கட்டிவிட்டோம்.

அறிவிப்பே வரவில்லை என்று அவர் சொன்னதற்கும் காரணம் இருந்தது. ஐகேன் விதிப்படி முடிவுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்றும், ஒரு வாரம் முன்பு ஒன்றும், முடிந்து 5 நாளுக்குள் ஒன்றும் என அறிவிப்புகள் அனுப்பப்பட வேண்டும். அவை அவருடைய சொந்த டொமைனின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெட்டியை அவர் திறப்பதே இல்லை. முடிவுக்குப் பின் வந்திருக்க வேண்டிய மூன்றாவது கடிதத்தைப் பெற, டொமைன் முடங்கியதால் அந்தப் பெட்டியே இல்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. தொடர்பு மின்னஞ்சலாக எப்போதும் வேறொரு சேவையின் முகவரியைக் கொடுத்து வையுங்கள்.

அறிகுறி: தேதி சரியாக இருக்கிறது, ஆனாலும் தளம் எங்கிருந்தும் திறக்கவில்லை

நிலை வரியைப் படியுங்கள். "கிளையண்ட் ஹோல்டு" என்று இருந்தால் பதிவாளர் நிறுவனமே பெயரை நிறுத்தி வைத்திருக்கிறது. பணம் காரணமாக இல்லாதபோது, நான் பார்த்தவரையில் இதன் காரணம் பெரும்பாலும் மின்னஞ்சல் உறுதிப்படுத்தாமைதான். புதிதாகப் பதிவு செய்தாலோ, உரிமையாளரின் மின்னஞ்சலை மாற்றினாலோ, ஒரு இணைப்போடு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தி உறுதி செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படலாம். தேக்கடியில் விடுதி வைத்திருக்கும் ஒருவர், "பைசா அடச்சதாணல்லோ" என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். பணம் கட்டியது உண்மை. மூன்று வாரம் முன்பு மகனின் மின்னஞ்சலுக்கு மாற்றியதும், வந்த கடிதம் ஸ்பேம் பெட்டியில் கிடந்ததும் அவருக்குத் தெரியவில்லை. பதிவாளரின் கணக்குக்குள் நுழைந்து உறுதிப்படுத்தும் கடிதத்தை மீண்டும் அனுப்பச் சொல்லி, இணைப்பை அழுத்தினால் போதும். தளம் சிறிது நேரத்தில் எழுந்துவிடும்.

"சர்வர் ஹோல்டு" என்று இருந்தால் அது பதிவகமே விதித்த தடை. அதை நீங்களோ நானோ எடுக்க முடியாது. பதிவாளர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதிக் காரணம் கேட்க வேண்டும்.

அறிகுறி: "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை

டொமைனுக்குப் பணம் கட்டி இது தீராது. பெரும்பாலும் சான்றிதழின் காலம் முடிந்திருக்கும். பலரும் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். ஹோஸ்டிங் பக்கம் அதைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு எங்கோ நின்றிருக்கும். ஹோஸ்டிங் கணக்கில் எஸ்எஸ்எல் பகுதிக்குச் சென்று மீண்டும் வழங்கச் சொன்னால் தீரும். ஒரே ஒரு கணினியில் மட்டும் இந்த எச்சரிக்கை வந்தால், சான்றிதழைத் தொடுவதற்கு முன் அந்தக் கணினியின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் போகும் எங்கள் மலையில், மதர்போர்டின் பொத்தான் மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினிகள் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டிலிருந்து விழித்தெழும். அந்தத் தேதியை வைத்துப் பார்த்தால் உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழும் செல்லாதவைதான்.

அறிகுறி: "அக்கவுண்ட் சஸ்பெண்டெட்"

ஹோஸ்டிங் பணம் நின்றிருக்கிறது, அல்லது தளத்துக்குள் தீநிரல் புகுந்திருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். டொமைனைத் தொட வேண்டாம்.

அறிகுறி: தளம் திறக்கிறது, மின்னஞ்சல் மட்டும் வரவில்லை

அண்மையில் ஹோஸ்டிங்கையோ நேம்சர்வரையோ மாற்றினீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள், பழைய நேம்சர்வரில்தான் எழுதப்பட்டிருந்தன. நேம்சர்வரை மாற்றியபோது அவை தாமாகக் கூடவே வருவதில்லை. பழைய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தை (பெயருக்குரிய முகவரிப் பதிவுகள் இருக்கும் பக்கம்) திறந்து எம்எக்ஸ் பதிவுகளையும், உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப எந்தக் கணினிக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி உள்ள டெக்ஸ்ட் பதிவையும் அப்படியே புதிய இடத்தில் எழுத வேண்டும். ஏல விலை கேட்டு வரும் கடிதங்களைப் புத்தடியிலும் போடியிலும் மின்னேலம் நடக்கும் நாளில் இழக்காதிருக்க விரும்பினால், நேம்சர்வரை மாற்றுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை முழுவதுமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: புதுப்பிக்க முயன்றால் பணம் போக மறுக்கிறது

தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைத்திருந்தும் பணம் எடுக்கப்படவில்லை என்பதுதான் இப்போது நான் மிகுதியாகக் கேட்கும் குறை. 2021 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து காலந்தோறும் தானாகப் பணம் எடுக்க வேண்டுமானால் அதற்கு முன்கூட்டியே இ-மேண்டேட் (தானாக எடுக்க வாடிக்கையாளர் தரும் ஒப்புதல்) பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பும் வர வேண்டும். அத்தகைய ஏற்பாடு இல்லாத வெளிநாட்டுப் பதிவாளர் நிறுவனங்களில் பழைய அட்டையைச் சேமித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் புதுப்பிப்புகள் அதன்பின் ஓசையில்லாமல் தோற்றன. ஆகவே இந்தியாவில் கணக்கு வைத்திருப்பவர்கள் தானியங்கிப் புதுப்பிப்பை ஒரு கூடுதல் வசதியாக மட்டும் கருதி, முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கையால் கட்டிவிடுவதே என் பரிந்துரை. டாட் காம் பெயரை மொத்தம் 10 ஆண்டு வரை முன்கூட்டியே புதுப்பிக்கலாம். வணிகத்தின் முதன்மைப் பெயருக்கு மூன்றோ ஐந்தோ ஆண்டு ஒரே தடவையில் கட்டிவிட்டால் ஆண்டுதோறும் வரும் இந்தத் தலைவலி குறையும்.

கையால் கட்டும்போதும் தோற்றால், வங்கிச் செயலியில் அட்டையின் பன்னாட்டுப் பயன்பாடு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய அட்டைகள் அது இயக்கப்படாமலே வருகின்றன. கட்டணத்துக்குமேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதால் வரம்பைச் சற்றுக் கூட்டி வையுங்கள். ஓடிபி வராமல் தோற்பது எங்கள் பகுதியில் தனி வகை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் வளைவுப் பாதையில் சிக்னல் வந்து வந்து போகும். பேருந்தில் உட்கார்ந்துகொண்டே புதுப்பிக்க முயன்ற ஒருவருக்கு மூன்று ஓடிபிகளும் மேலே ஏறி முடித்த பிறகு ஒன்றாக வந்து விழுந்தன. அதற்குள் அட்டை அன்றைக்குப் பூட்டப்பட்டுவிட்டது. இதைவிடக் கவலைக்குரியது, கைவிட்டுவிட்ட பழைய எண்ணுக்கு ஓடிபி போவது. துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும் என்பதால், கேரள சிம்மிலிருந்து தமிழ்நாட்டு சிம்முக்கு மாறுகிற எவரும் முதலில் டொமைன் கணக்கில் எண்ணை மாற்றிவிட்டுத்தான் பழைய சிம்மைக் கழற்ற வேண்டும்.

அறிகுறி: புதுப்பித்தாயிற்று, இன்னும் திறக்கவில்லை

கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் டொமைன் நலமாக இருக்கிறது; உங்கள் ரவுட்டரோ இணைய நிறுவனமோ பழைய விடையை நினைவில் வைத்திருக்கிறது. ரவுட்டரை அணைத்து இயக்கலாம். கணினியின் டிஎன்எஸ் முகவரியைத் தற்காலிகமாக 8.8.8.8 என்று மாற்றிப் பார்க்கலாம். டாட் காம் பதிவகம் நேம்சர்வர் விடைகளை 48 மணி நேரம் நினைவில் வைத்துக்கொள்ள அனுமதிப்பதால், காலாவதியின்போது பதிவாளர் நேம்சர்வரை மாற்றியிருந்தால் இரண்டு நாள் வரை இப்படி அங்கும் இங்குமாகத் தெரிவது இயல்பே. இரண்டு நாளுக்குப் பிறகும் விளம்பரப் பக்கமே வந்தால், ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த நேம்சர்வரோடு இப்போதுள்ளதை ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவாளரின் சொந்த நேம்சர்வரிலேயே பெயர் நின்றுபோயிருக்கும். பழையதைக் கையால் எழுதிச் சேமிக்க வேண்டும்.

அறிகுறி: கணக்கே நம் கையில் இல்லை

தளத்தைச் செய்து கொடுத்தவர் தன் மின்னஞ்சலில், தன் பெயரில் டொமைனைப் பதிவு செய்திருப்பார். இரண்டு ஆண்டு கழித்து வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ போயிருப்பார். ஏமாற்ற எண்ணியவர்கள் சிலரே. பெரும்பாலோர் வேலை சுலபமாகட்டும் என்று செய்ததுதான். பதினைந்து ஆண்டு முன்பு நானும் நான்கு பேருக்கு அப்படிச் செய்து, பிறகு ஒவ்வொருவரின் பெயருக்கும் மாற்றிக் கொடுத்தேன்.

அவசரம் என்றால் முதல் வேலை, பெயரைச் சாகவிடாமல் காப்பது. சில பதிவாளர் நிறுவனங்கள் கணக்குக்குள் நுழையாமலே யார் வேண்டுமானாலும் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்த அனுமதிக்கின்றன. தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்து, அதை நம்பியிருந்த ஹாட்மெயில் பயனர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தபோது, சம்பந்தமே இல்லாத ஒரு நிரலாளர் தன் அட்டையில் 35 டாலர் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார். அவர் கட்டியதால் அந்தப் பெயர் அவருடையதாகிவிடவில்லை. உங்களுக்கும் அதே விதிதான்: பணம் கட்டினால் பெயர் பிழைக்கும், உரிமை மாறாது.

உரிமையைப் பெற, செய்து கொடுத்தவரைத் தேடிப் பிடித்து இரண்டில் ஒன்றைக் கேட்க வேண்டும். அதே பதிவாளர் நிறுவனத்தில் உங்களுக்கு ஒரு கணக்கைத் திறந்து, அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குப் பெயரைத் தள்ளிவிடச் சொல்வது எளிய வழி. வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமானால், பெயர் வேறு நிறுவனத்துக்குப் போகாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் என்ற பூட்டை அவர் திறந்து, ஆத் கோடு என்ற இரகசியக் குறியீட்டைத் தர வேண்டும். உரிமையாளராகப் பதிவாகியிருப்பவர் கேட்டால் 5 நாளுக்குள் பதிவாளர் நிறுவனம் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஐகேன் விதி; இழுத்தடித்தால் ஐகேனிடம் புகார் செய்யலாம். பதிவில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்து, மின்னஞ்சல் மட்டும் அவருடையதாக இருந்தால், ஜிஎஸ்டி சான்றிதழ், பழைய ரசீது ஆகியவற்றோடு பதிவாளருக்கு நேரடியாக எழுதலாம். பதிவு முழுவதும் அவர் பெயரில் இருந்து, அவர் கொடுக்கவும் மறுத்தால், உங்கள் வணிகப் பெயருக்கு டிரேட்மார்க் போன்ற உரிமை இருக்கிறதா என்பதைப் பொறுத்து, டாட் காம் பெயருக்கு யுடிஆர்பி, டாட் இன் பெயருக்கு ஐஎன்டிஆர்பி என்ற டொமைன் தகராறு தீர்க்கும் முறைகள் வழியாக வழக்காட முடியும். கட்டணமும் மாதங்களும் ஆகும். அவரோடு பேசித் தீர்ப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமானாலும் செலவிடலாம் என்று அந்தக் கட்டணத்தைப் பார்த்தால் தோன்றும்.

மாற்றும் வரிசையிலும் கவனம் தேவை. புதிதாகப் பதிவான பெயரையும், அண்மையில் நிறுவனம் மாற்றிய பெயரையும் 60 நாளுக்கு மீண்டும் மாற்ற முடியாது. உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ முதலில் திருத்தினாலும் பொதுவாக இதே 60 நாள் பூட்டு விழும். ஆகவே நிறுவனம் மாற்றுவதுதான் நோக்கமென்றால் அதை முதலில் முடித்துவிட்டு விவரங்களைப் பிறகு திருத்துங்கள். முடிவுத் தேதி தாண்டிய பின் புதுப்பித்த பெயரை 45 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற்றினால், புதுப்பித்த ஓராண்டு கணக்கில் சேராமல் போகக்கூடும். அந்த நாள்கள் கழியட்டும். ஆத் கோடு கொடுத்து மாற்றத்தைத் தொடங்கிய பின், பழைய நிறுவனம் தானாக ஒப்புதல் தராவிட்டால் 5 நாள் காத்திருக்க நேரும். அந்த நாள்களில் நேம்சர்வர் மாறாததால் தளம் திறந்தபடியே இருக்கும். மாற்றம் முடிந்ததும் டாட் காம் பெயருக்கு ஓராண்டு கூடியிருக்கிறதா, தொடர்பு மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவையா என்று பார்த்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் லாக்கை மறுபடி இயக்கி வையுங்கள்.